சயாம் சுவரொட்டியில் இருந்த சாணி

இந்தப் பழைய சுவரொட்டிக் கண்காட்சி மாலைக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்றே மேசைமீது ஒரு மணியையும் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் முன்னாள் தலைமையாசிரியர், பெருமதிப்பிற்குரிய லெட்சுமணன் ஐயா அவர்களே! ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கையால் பிள்ளைகளைப் படிக்க வைத்து, அந்தப் பிள்ளைகள் செனாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டதால் இங்கே தனியே வந்து அமர்ந்திருக்கும் லாபிஸ் வட்டாரத்துப் பெரியவர்களே! குழம்பை இறக்கி வைத்துவிட்டு, இந்த மனோகரன் அப்படி என்னதான் பேசிவிடுகிறான் பார்ப்போம் என்று புறப்பட்டு வந்திருக்கும் தாய்மார்களே! தேநீருக்காக வந்து, தேநீர் பேச்சுக்குப் பிறகுதான் என்று தெரிந்து சிக்கிக்கொண்ட இளைஞர்களே! முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து அமர்ந்திருக்கும் என் சந்திரமதி அக்கா அவர்களே! உங்கள் அனைவருக்கும் தங்காக் பேனர்க்கடை மனோகரன் தலைதாழ்த்தி வணக்கம் சொல்கிறேன்.

தலையைத் தாழ்த்தியபோது என் உச்சியைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே வேறு யாரும் கேட்பதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாசலில் சிறப்புப் பேச்சாளர் என்று ஒரு பேனர் நிற்கிறதே, அதில் அலையலையாக ஒரு முடி இருக்கிறதே, அந்த முடி என்னுடையது அல்ல. தங்காக்கில் ஒரு துணிக்கடையின் தீபாவளி மலிவு விற்பனைக்கு நான் அடித்த பேனரில் சிரித்துக்கொண்டு நின்ற பையனுடையது. அவன் தலையிலிருந்து பெயர்த்து என் தலையில் நட்டேன். கன்னத்து மருவை எடுத்தேன். தாடைக்குக் கீழே குடியேறியிருந்த இன்னொரு தாடையைக் காலி செய்தேன். பலன் என்ன தெரியுமா? வரவேற்பில் நின்ற பெண்பிள்ளை என்னைத் தடுத்து, முன்வரிசை நாற்காலி பேச்சாளருக்கு என்றாள். நான்தானம்மா அது என்றேன். பேனரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: “அவரோட அப்பாவா நீங்க?”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். மூன்றாம் வரிசையில் அந்த ஐயா குலுங்குகிறார், பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போதே சிரித்துவிடுங்கள். போகப்போக இந்தப் பேச்சில் அதற்கு இடம் குறைவு.

ஏனென்றால் நான் சொல்ல வந்தது என் முடியைப் பற்றி அல்ல, என் நோயைப் பற்றி. துடைக்கிற நோய். கறையைக் கண்டால் துடைப்பேன், கருப்பைக் கண்டால் வெளுப்பேன், சுருக்கத்தைக் கண்டால் இழுப்பேன். கல்யாண வீட்டுக்கு நானே பேனர், காதுகுத்துக்கும் நானே பேனர், கோவில் திருவிழாவுக்கும் நானே பேனர். இழவு வீட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனரிலும் என் கைவரிசைதான். தொண்ணூறு வயதில் காலமான ஒரு பெரியவரை நான் அழகாக்கிக் கொடுத்த அழகில், அவருடைய மனைவியே மாலை போட வந்தவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, யார் இந்தப் பையன் என்று மகனிடம் கேட்டார். அன்றாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மகன் எனக்குக் கைகொடுத்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

இந்த நோயோடுதான் நான் பழைய சுவரொட்டிகளிடம் போனேன். போர்க்காலத்தில் ஆள் சேர்ப்பதற்காக ஒட்டப்பட்ட சுவரொட்டிகள். படையில் சேர வா, காவலுக்கு வா, பாதை போட வா, பாலம் கட்ட வா என்று அழைத்த தாள்கள். எங்கெங்கோ பெட்டிக்கடியில், அலமாரிக்குப் பின்னால் கிடந்தவற்றைப் படம் பிடித்து, கணினியில் கிழிசலை ஒட்டி, நிறத்தை மீட்டு, முகநூலில் ஒரு பக்கம் திறந்து போட்டேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தமிழர் வரலாற்றுக்கு என் தொண்டு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். என் மனைவி அதைப் படித்துவிட்டு, வீட்டுக் குழாய் ஒழுகுதே, அதுக்கு உங்க தொண்டு எப்ப என்று கேட்டாள். அது தனிக்கதை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வெள்ளைக்காரன் காலத்துச் சுவரொட்டியில் சிரித்த மனிதன்தான் ஜப்பான்காரன் காலத்துச் சுவரொட்டியிலும் சிரித்தான். கொடி மாறியது, சிரிப்பு மாறவில்லை. சட்டை மாறியது, சிரிப்பு மாறவில்லை. அவன் காலில் சேறு இல்லை, நெற்றியில் வேர்வை இல்லை, கையில் காப்புக் காய்க்கவில்லை. இதை வரைந்தவன் யார் என்று நான் யோசித்ததுண்டு. ஆள் பிடிக்கிறவனை ஊர் ஏசும், துப்பாக்கி பிடித்தவனை ஊர் ஏசும். தூரிகை பிடித்தவனை யார் ஏசுவார்? அவன் என்ன நினைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பை வரைந்திருப்பான்? இந்தக் கேள்வியை நான் பக்கத்தில் எழுதிப் போட்டேன். நிறைய பேர் கைதட்டுகிற படம் போட்டார்கள்.

அப்போதுதான் ரூபேந்திரன், எங்களுக்கு ரூபன், வந்தான். சந்திரமதி அக்காவின் மகன். செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓய்வு நாளில், காரின் பின்னிருக்கையை மடக்கி, கதவை மூட முடியாமல் கயிறு கட்டி, ஒரு பழைய பலகையை ஏற்றிக்கொண்டு லாபிஸிலிருந்து தங்காக்குக்கு வந்து இறங்கினான். வீட்டுப் பின்பக்கத்தைப் பிரித்தபோது கிடைத்ததாம். பலகையில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது. ஓரத்தைக் கறையான் தின்றது போக, மிச்சம் இருந்தது. நீல மலை, புகைவிடும் ரயில், அதன் முன்னால் வெள்ளை வேட்டியில் ஒருவன், கீழே எழுத்து. சயாமில் ரயில்பாதை வேலை. நல்ல சம்பளம். அரிசி உண்டு, துணி உண்டு, மருத்துவம் உண்டு. சில மாதங்களில் வீடு திரும்பலாம்.

வீடு திரும்பலாம்! ஜப்பான்காரன் சயாமில், இன்றைய தாய்லாந்தில், போட்ட அந்தப் பாதைக்குப் போனவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்பதை இங்கே இருக்கும் பெரியவர்களிடம் நான் சொல்ல வேண்டுமா? உங்கள் வீட்டுச் சுவர்களில் படம்கூட இல்லாத பெயர்கள் அவர்கள்.

அந்தச் சிரிக்கிற முகத்தின்மேல் ஒரு பெரிய கறை. பழுப்பாக, தடிப்பாக, காய்ந்து வெடித்து, கண்ணையும் மூக்கையும் மூடிக்கொண்டு. பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. ரூபன் தன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தான். பக்கத்தில் போடும்போது ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு படம் போட்டால்தானே நம் திறமை தெரியும்? அவன் எடுத்து முடித்ததும் நான் ஈரத்துணியோடு உட்கார்ந்தேன். வெதுவெதுப்பான நீர், மெல்லிய தூரிகை, பஞ்சு. தாள் கிழியாமல் கறையைத் தளரவைத்துத் தளரவைத்து எடுத்தேன். பிறகு கணினியில் மூக்கு வரைந்தேன், கண் வரைந்தேன், பல் வரைந்தேன். அந்த வேட்டிக்காரன் பிறந்த நாளில்கூட அவ்வளவு சுத்தமாக இருந்திருக்கமாட்டான்.

அந்தப் படம் பறந்தது. பினாங்கில் பார்த்தார்கள், சென்னையில் பார்த்தார்கள், லண்டனிலிருந்து ஒருவர் பாராட்டினார். நான் கடையில் வேலை செய்வதை விட்டுவிட்டு, எதிரே ரபீக் பாய் உணவகத்தில் தே தாரிக் குடித்துக்கொண்டே யார் யார் பகிர்ந்தார்கள் என்று எண்ணுவதை முழுநேரத் தொழிலாக வைத்துக்கொண்டேன்.

பாராட்டோடு பாராட்டாக ஒரு செய்தி வந்தது. ஐயா, உங்கள் கைவண்ணம் அற்புதம். எங்கள் நிறுவனத்துக்கும் இதே பாணியில் ஒரு விளம்பரம் செய்து தர முடியுமா?

இதே பாணியில்! ஒரு கலைஞனிடம் இப்படிக் கேட்டால் அவன் என்ன ஆவான்? நான் அப்படியே உருகி ஒப்புக்கொண்டேன். தாய்லாந்தில் வேலை. தமிழ் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. வாடிக்கையாளர் சேவை. தங்குமிடம் உண்டு, உணவு உண்டு, விமானச் சீட்டு உண்டு. சில மாதங்களில் விடுப்பில் வீடு வரலாம். அவர்கள் அனுப்பிய தமிழில் பிழைகள் மலிந்து கிடந்தன. அத்தனையும் திருத்தினேன். அதே நீல மலை, அதே எழுத்து வடிவம். ரயில் இருந்த இடத்தில் விமானம். வேட்டிக்காரன் இருந்த இடத்தில் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பையன். அந்தப் பையனுக்குச் சிரிப்பு வேண்டுமே? சயாம் சுவரொட்டியில் நான் வரைந்து வைத்த சிரிப்பு கைவசம் இருந்தது. எடுத்து ஒட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. நல்லது.

அரிசி உண்டு, துணி உண்டு, மருத்துவம் உண்டு என்ற ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, ஓரம் செதுக்கிச் சரிசெய்தவன் நான். உணவு உண்டு, தங்குமிடம் உண்டு, விமானச் சீட்டு உண்டு என்று அடித்தவனும் நான். இரண்டையும் ஒரே திரையில் அருகருகே வைத்துத்தான் செய்தேன். பார்த்தேனா? பார்த்தேன். படித்தேனா? படிக்கவில்லை. எழுத்தைத் தொட்டவன், எழுதியிருந்ததைத் தொடவில்லை.

ரபீக் பாய் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, ஆர்டர் கொடுத்தது யாரு, ஆபீஸ் எங்க இருக்கு, நேர்ல பார்த்தியா என்று கேட்டார். எங்கள் தொழிலில் அப்படியெல்லாம் கேட்கமாட்டோம் பாய் என்றேன். மாப்பிள்ளை நல்லவனா என்று விசாரித்துவிட்டா கல்யாண பேனர் அடிக்கிறோம்?

ரூபனும் கேட்டான். அந்த வாரம் செனாயில் அவன் கான்ட்ராக்ட் முடிந்து, புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். அதை வீட்டில் சொல்லாமல், வேலைக்குப் போகிற நேரத்துக்குக் கிளம்பி, என் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தான். திரையில் இருந்த விளம்பரத்தைப் பார்த்துக் கேட்டான்.

“அங்கிள், இவங்க நல்ல ஆளுங்களா?”

பெரியோர்களே, தாய்மார்களே, ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் எத்தனையோ கேள்விகள் வருகின்றன. பதில் தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும் என்கிற கேள்வி எப்போதாவதுதான் வருகிறது. தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“அதை விடு லா. எழுத்து எப்படி இருக்கு, அதைச் சொல்லு.”

நல்லாருக்கு அங்கிள் என்றான். தம்ஸ் அப் காட்டினான். போய்விட்டான்.

ரயில் வருகிறது, போகட்டும். இந்த மண்டபத்தில் பேசுகிறவன் ரயிலுக்கு வழிவிட்டுத்தான் பேசவேண்டும்.

போய்விட்டது. அன்று சயாமுக்குப் போனவர்களும் இந்த லாபிஸ் தண்டவாளத்தின் வழியாகத்தான் ரயிலேறிப் போனார்கள். ரூபன் நான் அடித்த விளம்பரத்து வேலைக்குப் பேருந்தில் எல்லை தாண்டி ஹாட்யாய் போனான். அங்கிருந்து ஒரு வேனில் எங்கோ மேற்கே. முதலில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் படம் அனுப்பினான். பிறகு சில நாள் ஒன்றுமில்லை. பிறகு எனக்கு மட்டும் ஒரு செய்தி: “அங்கிள், இங்க ஆபீஸ் எதுவும் இல்ல. போன் வாங்கிடுவாங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க.” அதற்குப் பிறகு அந்த எண் ஒலிக்கவே இல்லை.

சொன்னேன். அன்றே காரை எடுத்து லாபிஸுக்கு வந்து, அக்காவின் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னேன். விளம்பரம் அடித்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அக்கா என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தோம். மனு கொடுத்தோம். கோலாலம்பூருக்குப் போய் அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்களிடம் படத்தை நீட்டினோம். என் முகநூல் பக்கத்திலும் போட்டிருந்த அந்த விளம்பரத்தை நீக்கிவிட்டேன். ஆனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான்தானே சொல்லியிருந்தேன்? எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேர் தெரியாத ஊர்களின் குழுக்களில் என் நீலமலை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒருநாள் அக்கா கடைக்கு வந்தார். காணவில்லை என்று ஒரு படம் அடித்துக் கொடு தம்பி, எல்லாரும் போனில் பகிரட்டும் என்றார். உடனே உட்கார்ந்தேன். ரூபன் படத்தைத் திறந்தேன். நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். கை தானாகவே போய்விட்டது, ஐயா. நெற்றியில் இருந்த வெட்டுத்தழும்பை எடுத்துவிட்டேன். கன்னத்துக் குழிகளை நிரப்பிவிட்டேன். நிறத்தை மூன்று படி வெளுத்துவிட்டேன். திருப்பிக் காட்டினேன்.

அக்கா பார்த்தார். பிறகு சொன்னார்:

“தம்பி, இது யாரு? எம் பிள்ளை கறுப்பு. நெத்தியில தழும்பு இருக்கும், சின்னதுல சைக்கிள்ல விழுந்தான். அவனைத் திரும்பக் கறுப்பாக்கு. அப்பதான் பார்க்கிறவங்களுக்கு அடையாளம் தெரியும்.”

நான் வாழ்நாளெல்லாம் வெளுத்தவன். அன்று முதல்முறையாகக் கறுப்பாக்கினேன். ஒவ்வொரு குழியாகத் திரும்ப வைத்தேன். தழும்பைத் திரும்ப வைத்தேன். வைத்து முடித்தபோது திரையில் ரூபன் வந்து உட்கார்ந்திருந்தான். அக்கா கையால் திரையைத் தொட்டார். என் விசைப்பலகை நனைந்துவிட்டது. யாரால் என்று கேட்காதீர்கள்.

அக்கா போன பிறகு, அந்த சயாம் பலகையின் ‘முன்பு’ படத்தைத் தேடி எடுத்தேன். நான் துடைப்பதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று அன்றுதான் உண்மையாகப் பார்த்தேன். ரபீக் பாயிடம் காட்டி, இந்தக் கறை என்ன பாய் என்றேன். அவருடைய வாப்பா அந்தக் காலத்தில் கடைப் பாலுக்கு மாடு வைத்திருந்தவர். பாய் ஒரு பார்வைதான் பார்த்தார்.

“சாணி லா. மூஞ்சியிலயே சாணி அடிச்சிருக்கு.”

சாணி! சபையோரே, சாணி! அந்தச் சுவரொட்டி சொன்னதற்குத் தோட்டத்து மக்கள் சொன்ன பதில் அதுவா? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், எதிர்த்துப் பேசினால் அடி விழும் என்று தெரிந்தவர்கள், மனு கொடுக்க இடமில்லாதவர்கள், அந்தப் பொய்ச் சிரிப்பின் முகத்தில் ஓங்கி அறைந்துவிட்டுப் போன மறுமொழியா அது? எண்பது ஆண்டு வெயிலும் மழையும் அழிக்காத மறுமொழியை, வெதுவெதுப்பான நீரும் பஞ்சும் வைத்துத் துடைத்தவன் யார்? கறையான் விட்டுவைத்ததை வழித்தெடுத்தவன் யார்? பொய்யைப் புதுப்பித்து, பதிலைக் கழுவி ஊற்றி, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டவன் யார்? அந்தப் பழைய சுவரொட்டியை வரைந்தவன் என்ன நினைத்திருப்பான் என்று கேட்டேனே, எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவன் ஒன்றும் நினைத்திருக்கமாட்டான். எழுத்து நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்திருப்பான்.

ஐயா மணியைத் தொடுகிறார். தொடட்டும், முடிக்கிறேன்.

இந்தக் கண்காட்சியில், வலப்பக்கச் சுவரில், அந்த ‘முன்பு’ படத்தைத்தான் பெரிதாக அடித்து மாட்டியிருக்கிறேன். சாணியோடு. கறையான் தின்ற ஓரத்தோடு. கீழ் மூலையில் மங்கலாக ஒரு கட்டைவிரல் தெரியும். ரூபன் படமெடுக்கும்போது அவசரத்தில் கேமராவின் மேல் பட்ட விரல். அதை வெட்ட என் கை ஒருமுறை போனது. வெட்டவில்லை. அவன் நம்மிடம் விட்டுப்போன விரல் அது. வருகிறவரை அங்கேயே இருக்கட்டும்.

இளைஞர்களே, உங்கள் கைப்பேசிக்கும் நாளை ஒரு நீலமலை வரும். சிரித்த முகத்தோடு வரும். பிழையில்லாத தமிழோடு வரும், என்னைப் போல் ஒருவன் திருத்திக் கொடுத்திருப்பான். உணவு உண்டு என்று சொல்லும், உறைவிடம் உண்டு என்று சொல்லும். கேளுங்கள். யார் நீ என்று கேளுங்கள், எங்கே இருக்கிறாய் என்று கேளுங்கள், இதற்கு முன் போனவனை ஒருமுறை பேசச் சொல் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், அள்ளுங்கள் சாணியை! அடியுங்கள் அந்தச் சிரிப்பின்மேல்! தோட்டத்து மக்கள் கையில் இருந்த அந்தத் துணிச்சல் உங்கள் விரல் நுனியில் இல்லையா? என்னைப் போன்றவன் எவனாவது அதைத் துடைக்க வந்தால், அவன் மேலும் ஒரு பிடி அடியுங்கள்!

நன்றி. கைதட்டலுக்கு நன்றி. வெளியே போகும்போது கதவருகில் ரூபேந்திரனின் படம் நிற்கிறது, கறுப்பாக, தழும்போடு. தயவுசெய்து அதைப் படம் பிடித்துப் பகிருங்கள். என் மற்ற படங்களைப் பகிர்ந்ததைவிட ஒரு பங்கு கூடுதலாகப் பகிருங்கள். பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், கடைசிவரை மணியடிக்காத தலைமையாசிரியர் ஐயாவுக்கும் என் கைகூப்பிய வணக்கம். தேநீர் தயாராகிவிட்டது, வாசனை வருகிறது.

உட்காருங்கள், இன்னும் ஒரு சின்ன விஷயம். நான் மேடையேறுவதற்குச் சற்று முன், அந்தப் பெரிய படத்தருகே நின்றுகொண்டிருந்த சந்திரமதி அக்கா என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அந்தப் பலகை அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையின் உள்தடுப்பாக இருந்ததாம். யாரும் எதுவும் அடிக்கவில்லையாம். மாடு நிற்கிற இடம் அதுதானாம். அது தெரிந்தேதான் இவ்வளவும் பேசினேன். பேச்சை ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன், மிகவும் அழகாக வந்திருந்தது.